உங்களுக்குத் தெரியுமா? – காலை வாரவும் சட்டம் உண்டு

திருவண்ணாமலை வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழாவின் நிறைவு நாள் காலையில் படுகளம். ஆள் ஏறி நடக்கலாம் என்னும் அளவுக்குப் பெரிய மண் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் ஓங்கி அடிக்க, உள்ளே புதைத்து வைத்த சிவப்பு நீர் பொங்கும். திரௌபதி கூந்தல் முடிவாள். கூட்டம் கலையும்போது பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொள்வார்கள்.

கதாயுதப் போரில் நாபிக்குக் கீழே அடிக்கக் கூடாது. பீமன் அதை மீறியதால்தான் பலராமர் கோபத்தில் கலப்பையைத் தூக்கினார். எதிரியைத் தரையில் சாய்ப்பதற்கும் முறை உண்டு என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் கூத்துத் திடலிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

★

எதிரியைச் சாய்ப்பதற்கு முறை என்ன என்ற கேள்வியை மேசைக்குக் கொண்டுவந்த விளையாட்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்டது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, காலை வாருவதற்கு எழுதிய சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் எதிரியைத் தொட்டாக வேண்டும். பிறகு இருவரும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். வாருகிறவருக்குப் பலம் மட்டும்தான் கணக்கு. தாங்குகிறவருக்கோ பலம், சுறுசுறுப்பு இரண்டில் எது அதிகமோ அது. தோற்றால், எதிரி அந்த நொடியே உங்கள் காலை வாரலாம்.

நம்மூர்க் காளைவிடும் விழாவை வைத்துப் பாருங்கள். தெருவில் பாய்ந்து வரும் காளையின் காலை ஒருவர் வார நினைக்கிறார். காளையின் உடல் மனிதனைவிட ஒரு படி பெரிது, அதற்காக அதன் பகடை எண்ணோடு 4 கூடும். இரண்டுக்கு மேல் கால்கள், அதற்கு இன்னொரு 4. காளையின் பலத்தைச் சேர்க்கும் முன்பே 8 கூடிவிட்டது! நான்கு கால் பிராணி எளிதில் சாயாது என்று மாடு வளர்க்கிற யாரும் சொல்வார்கள். அதை எண்ணாக்கி மேசையில் வைத்ததில்தான் மூன்றாம் பதிப்பின் ஆசிரியர்களுடைய கைத்திறன் தெரிகிறது. ஜல்லிக்கட்டிலோ காலைத் தொடவே கூடாது, திமிலை மட்டும்தான் பிடிக்கலாம்.

★

கபடியில் பாடி வருபவரின் கணுக்காலைப் பிடிக்கலாம். இரு கால்களால் கத்தரிபோலக் கவ்விப் பிடித்தால் தவறு. பிடிபட்டவர் குப்புற விழுந்தாலும் ஆட்டம் முடியவில்லை. பாட்டு நிற்காமல் ஒரு விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், பிடித்தவர்கள்தான் வெளியே.

★

தாயக்கட்டத்தில் காயை ‘வெட்டுவது’ கிட்டத்தட்ட காலை வாருகிற வேலைதான். வெட்டுப்பட்ட காய் மறுபடி உள்ளே வர தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழ வேண்டும். 1, 2, 3, வெறுமுகம் உள்ள இரண்டு பித்தளைக் கட்டைகளில் தாயம் விழும் வாய்ப்பு பதினாறில் இரண்டு. பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் இருந்தால் வெட்டவே முடியாது. அந்தக் கட்டத்துக்கு ‘மலை’ என்று பெயர்.

★

விழுந்தவருக்கு என்ன ஆகும்? ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், பக்கத்தில் நிற்கும் எதிரி அவரை அடிக்க இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து அம்பு விடுகிறவரோ சிறிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். தரையோடு கிடப்பவர்மேல் குறி வைப்பது கடினம். எழுந்திருக்க அந்தச் சுற்றின் பாதி நடை செலவாகும். அவ்வளவுதான், எழுந்துவிடலாம். கேடயத்தோடு ஒரு தோழர் அருகில் நின்றால், பக்கத்தில் இருப்பவரைக் காக்கும் பயிற்சி பெற்றவராக இருந்தால், எதிரிக்குக் கிடைத்த அந்தக் கூடுதல் பகடையை அவரால் இல்லாமல் செய்ய முடியும்.

விழுந்தவர் அருகில் நின்ற அப்படியொரு துணையைக் கல்லிலும் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளுக்காகச் சண்டையிட்டு விழுந்த வீரனுக்கு எழுப்பிய கல். வீரனுடன் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம்.