இறகைக் காட்டி மீன் பிடித்தவர்!

தூண்டில் முள்ளில் மண்புழு இல்லை. தவளை இல்லை. மாவு உருண்டையும் இல்லை. ஒரு சிறு இறகும் கொஞ்சம் நூலும்தான் இருக்கின்றன. அதை நம்பி மீன் வந்து கடிக்குமா?

கடிக்கும்! ஆனால், கடிக்க வைப்பது ஒரு வித்தை. அந்த வித்தையை 22-வது வயதில் கற்றுக்கொண்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் ஒருவர்.

அவர் பெயர் பெர்னார்டு கிரே. "லெப்டி" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். லெப்டி என்றால் "இடது கைக்காரர்" என்று பொருள்.

கெளுத்தி விற்ற சிறுவன்

அமெரிக்காவில், மேரிலாண்ட் மாநிலத்தில், பிரடரிக் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1925-ம் ஆண்டில் லெப்டி அங்கே பிறந்தார்.

அவர் சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய்க்கு நான்கு குழந்தைகள். லெப்டிதான் மூத்தவர். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம் அது.

ஊரை ஒட்டி மொனோக்கசி ஆறு ஓடுகிறது. லெப்டி அந்த ஆற்றில் தூண்டில் போட்டுக் கெளுத்தி மீன் பிடித்தார். அதை விற்றுக் காசாக்கினார். அந்தக் காசு, பள்ளிக்கூடம் போகத் துணிமணி வாங்க உதவியது. மீன் பிடிப்பது அவருக்கு விளையாட்டு அல்ல, பிழைப்பு!

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பட்டாளத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவில், கடும் பனியில் நடந்த பெரிய சண்டையில் கலந்துகொண்டார். உயிரோடு ஊர் திரும்பினார்.

ஊரில் ராணுவத்தின் கிருமி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய் அவரைத் தொற்றியது. அதிலும் பிழைத்துக் கொண்டார். அவர் உடலில் இருந்து எடுத்த கிருமி வகைக்கு, அவருடைய பெயரின் முதல் எழுத்துக்களையே பெயராக வைத்தார்கள்!

சிவப்புக் கண் மீன்

பிரடரிக்குக்கு அருகே பொடோமாக் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதில் "ஸ்மால்மவுத் பாஸ்" என்ற மீன் உண்டு. "சிறிய வாய் பாஸ்" என்று பொருள். உடலில் பழுப்பும் பச்சையும் கலந்திருக்கும். கண் சிவந்திருக்கும்.

இந்த மீன் பொடோமாக் ஆற்றுக்கு எப்படி வந்தது தெரியுமா? ரெயிலில் வந்தது! 1854-ம் ஆண்டில், மேற்கே இருந்த வேறோர் ஆற்றில் பிடித்து, ரெயில் என்ஜினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கொண்டுவந்து விட்டார்கள். அது பல்கிப் பெருகியது.

கல்லும் பாறையும் நிறைந்த, ஓடுகிற தண்ணீர்தான் இந்த மீனுக்குப் பிடிக்கும். முட்டைகளை ஆண் மீன்தான் காவல் காக்கும். தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளிப் போராடும். அதனால்தான் அதன்மீது அத்தனை மோகம்!

விருந்தாளி செய்த வித்தை

பாஸ் மீன் பிடிப்பதில் லெப்டி கெட்டிக்காரர் என்று பேர் பரவியது. 1947-ம் ஆண்டில் ஜோ புரூக்ஸ் என்ற எழுத்தாளர் அவரைத் தேடி வந்தார். இருவரும் ஆற்றுக்குப் போனார்கள்.

புரூக்ஸ் வைத்திருந்த தூண்டில் லெப்டிக்கு விசித்திரமாக இருந்தது. "இது எதற்கு உதவும்?" என்று சந்தேகப்பட்டார்.

அப்போது இறக்கை முளைத்த எறும்புகள் ஆற்றைத் தாண்டிப் பறந்தன. களைத்துப்போய்த் தண்ணீரில் விழுந்தன. மீன்கள் மேலே வந்து அவற்றை விழுங்கின. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

புரூக்ஸ் தூண்டிலை வீசினார். இறகு இரை வட்டத்தின் நடுவே விழுந்தது. மீன் பிடித்தது! மறுபடியும் வீசினார். மறுபடியும் மீன்!

லெப்டி அசந்து போனார். மறுநாளே பால்டிமோர் நகருக்குப் போனார். புரூக்ஸ் உதவியோடு அதேபோன்ற ஒரு தூண்டில் வாங்கினார். வீசும் முறையையும் அவரிடமே கற்றுக்கொண்டார்.

கைப்பழக்கம்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இறகு இரைக்கு ஏது கனம்? அதனால் கயிற்றையே தடிப்பாகச் செய்கிறார்கள். கயிறுதான் இரையைத் தூக்கிக்கொண்டு போகிறது.

முதலில் கயிற்றின் தொய்வை நீக்க வேண்டும். கோலை மெதுவாகப் பின்னே எடுத்து, வேகத்தைக் கூட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். கயிறு பின்னால் நீளும்வரை பொறுக்க வேண்டும். பிறகு முன்னே வீசி, மறுபடியும் சட்டென்று நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் கயிறு காலடியில் குவியும். முழுப் பலத்தோடு வீசினாலும் சிக்கல்தான். பலத்தைவிடப் பொறுமை முக்கியம்!

கற்பவர்கள் செய்யும் தவறுகளை லெப்டி கவனித்தார். தாம் கற்ற முறையையே மாற்றி, எளிதாக வீசும் வழியைக் கண்டுபிடித்தார். புத்தகங்கள் எழுதினார். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

கடல் மீனுக்காக அவர் உருவாக்கிய இறகு இரை ஒன்று, 1991-ம் ஆண்டில் அமெரிக்கத் தபால் தலையில் இடம் பெற்றது. பென்சில்வேனியா மாநிலத்தில் பாப் கிளவுசர் என்பவர், 1987-ம் ஆண்டில் பாஸ் மீனுக்காகவே ஓர் இரை செய்தார். அடிபட்ட குஞ்சு மீனைப்போல அது மேலும் கீழுமாகத் துள்ளும். அதற்குப் பெயர் சூட்டியவரும் லெப்டிதான்!

2018-ம் ஆண்டு மார்ச் மாதம், 93-வது வயதில் அவர் காலமானார்.

கெளுத்தி விற்ற சிறுவன், தபால் தலை வரை போனான். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அன்று இருந்திருந்தால்? புரூக்ஸ் வந்த நாளோடு கதை முடிந்திருக்கும். கெட்டிக்காரன் என்று பேர் எடுத்த பிறகும், மாணவனாகப் போய் நின்றார். அதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய மீன்!