குச்சியா, பெட்டியா?

இணையத்தின் வழியே வரும் காட்சிகளைத் தொலைக்காட்சித் திரையில் காட்டும் கருவிகள் இருவகைப்படும். ஒன்று சிறு குச்சி; மற்றொன்று பெட்டி. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் மாணவர்கள் எதை வாங்கலாமென வினவினால், முதலில் உங்கள் வீட்டுச் சுவர்களைப் பாருங்கள் என்பேன்.

குச்சி, தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளையில் நேரே பொருந்தும். பெரும்பாலும் விலையும் குறைவு. ஃபயர் டிவி குச்சிகளைச் சென்னையில் உற்பத்தி செய்யப்போவதாக அமேசான் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனமான கிளவுட் நெட்வொர்க் டெக்னாலஜி அப்பணியை ஏற்றது.

ஆயின், குச்சி வை-ஃபை அலையையே பெரிதும் நம்பியிருப்பது. கீழ்த்தளத்து ரவுட்டரிலிருந்து வரும் அலை, கான்கிரீட் தளத்தைக் கடக்கையில் மெலிகிறது. திரையின் பின்னே மறைந்திருப்பதும் அதற்கோர் இடையூறு. கோடையில் அவ்விடத்து வெப்பமும் சேர்கிறது. பெட்டியையோ காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். ஈதர்நெட் துளையிருப்பின் கம்பியால் இணைக்கலாம். எல்லாப் பெட்டிக்கும் அத்துளை உண்டென எண்ணற்க. 2022-ஆம் ஆண்டின் ஆப்பிள் டிவி 4கே வகையுள், 128 ஜி.பி. பெட்டிக்கு அது உண்டு, 64 ஜி.பி. பெட்டிக்கு இல்லை.

ஆகவே, தொலைக்காட்சியின் அருகே கைப்பேசியை வைத்து வை-ஃபை வேகத்தை அளந்து பாருங்கள். முழு எச்.டி. படத்திற்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே படத்திற்கு 15 மெகாபிட் வேண்டுமென்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவு. மாலையிலும் அவ்வேகம் குன்றாதிருப்பின் குச்சியே போதும். குன்றுமாயின், கம்பி இணைப்புள்ள பெட்டியே தக்கது. பெற்றோரின் உழைப்பில் வாங்கும் கருவி, பாடத்தின் நடுவே நின்றுவிடலாகாது அன்றோ?