கல்பாக்கம் மீட்டெடுத்த 50 மெகாவாட்

அணு உலையில் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்கலாம் என்பதை, அதை எவ்வளவு விரைவாக அகற்ற முடியும் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையம் இதற்குச் சான்று. 1980களின் இறுதியில், அதன் இரு உலைகளிலும் கலனுக்குள் கனநீர் நுழையும் அமைப்பு சேதமடைந்தது. நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் கனநீர் அளவுமீறிச் சூடேறக் கூடாது. எனவே நீரோட்டத்தைத் திருப்பிவிட்டு, ஒவ்வோர் உலையின் உற்பத்தியையும் 170 மெகாவாட்டுக்குக் குறைத்தனர். இழப்புதான், ஆனால் சரியான முடிவு. பத்தாண்டுக்கும் மேல் அப்படியே ஓடியது.

2002இல் இரண்டாம் உலையும், பின்னர் முதல் உலையும் நிறுத்தப்பட்டன. எரிபொருள் குழாய்கள் மொத்தமாக மாற்றப்பட்டபோது, கனநீரைச் சீராகப் பரப்பும் துளையிட்ட குழாய்களும் பொருத்தப்பட்டன. அதன் பிறகே இரண்டும் 220 மெகாவாட் திறனுக்குத் திரும்பின.