சூறாவளியின் வலிமையும் மேல்வானக் காற்றும்

சூறாவளி எச்சரிக்கை ஒருநாள் ஒருவிதமாகவும் மறுநாள் வேறுவிதமாகவும் வருவதைக் கமக்காரர் பலர் குறைகூறுவர். இம்மாற்றத்துக்கு மேல்வானக் காற்று ஒரு முக்கிய காரணமாகும்.

காற்றுக் கொய்வு என்பது யாது?

சூறாவளி, கடலின் வெப்பத்தால் வளரும் உயர்ந்த தூண் போன்றது. அதனைச் சூழ 1.5 கிலோமீற்றர் உயரத்தில் வீசும் காற்றும், 12 கிலோமீற்றர் உயரத்தில் வீசும் காற்றும் திசையிலும் வேகத்திலும் ஒத்திருப்பின், தூண் நேராக நின்று வலுப்பெறும். அவை பெரிதும் வேறுபடின் தூண் சரியும், உலர்ந்த காற்று உட்புகும், மழைமேகங்கள் மையத்தை விட்டு ஒருபக்கம் ஒதுங்கும், சூறாவளி வலுக்குன்றும். இவ்வேறுபாடே காற்றுக் கொய்வு எனப்படும்.

யூன் முதல் செத்தெம்பர் வரை கீழே தென்மேல் பருவக்காற்றும் மேலே கடுங் கீழைக்காற்றும் வீசுவதால், வங்காள விரிகுடாவில் கொய்வு மிகுதி. கடுஞ் சூறாவளிகள் அரிது. ஒற்றோபர் முதல் திசெம்பர் வரை கொய்வு தணிவதால், பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும் வேளையிலேயே அபாயம் மிகுகின்றது. 1978 நவெம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கித் தென்னந்தோட்டங்களை அழித்த சூறாவளி இப்பருவத்துக்குரியதே.

பாதை மாறுவது ஏன்?

வலிமைமிக்க சூறாவளி உயரமானது. மேல்வானக் காற்றும் அதனைச் செலுத்தும். வலுக்குன்றியது குட்டையானது, தாழ்வாக வீசும் காற்றே அதனைத் தள்ளும். இவ்விரு காற்றுகளின் திசையும் வேறாயின் பாதையும் வேறாகும். ஆதலால் வலிமையைக் கணிப்பதில் நேரும் பிழை பாதையையும் பிழைபடச் செய்யும்.

வலுக்குன்றினும் மழை குன்றாது

2020 திசெம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவிச் சூறாவளி, பின்னர் மன்னார் வளைகுடாவில் தாழமுக்கமாக வலுக்குன்றி, பெரும்பாலும் அசையாது நின்றது. அந்நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருமழை பெய்து வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. "வலுக்குன்றியது" எனக் கேட்டதும் முன்னேற்பாட்டைக் கைவிடலாகாது.
2. வடிகால்களைத் துப்புரவாக்கி, வயலின் வக்கடைகளைத் திறந்துவிடுக.
3. விதைநெல்லையும் பசளையையும் உயரமான இடத்தில் வைக்குக.
4. முற்றிய வாழைக்குலைகளை வெட்டி, ஏனைய வாழைகளுக்கு முட்டுக்கொடுக்குக.
5. கால்நடைகளை மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்லுக. தாழ்ந்த இடத்திற் கட்டிவைக்கலாகாது.
6. வளிமண்டலவியல் திணைக்களத்தின் புதிய அறிவித்தலையே நம்புக. நேற்றைய பாதையைக் கொண்டு இன்றைய வேலையைத் தீர்மானித்தல் கூடாது.