வெப்ப நிலத்துக் கோல்ஃப் திடலும் அறுகம்புல்லும்

கோல்ஃப் ஆட்டம் ஸ்கொட்லாந்தின் குளிர்ந்த கடற்கரை நிலங்களில் உருப்பெற்றது. பந்தைக் குழியை நோக்கி உருட்டும் 'கிறீன்' எனப்படும் சிறு புற்றரையின் இலட்சணங்கள் அந்நிலத்துப் புற்களைக் கொண்டே வகுக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானது பென்ற் புல். ஆட்டம் வெப்ப நாடுகளுக்குச் சென்றபோது அந்த அளவுகோலும் உடன் சென்றது. சிக்கலும் அங்கேயே தோன்றியது.

பென்ற் புல்லின் வேர் ஏறத்தாழ 10 முதல் 18 பாகை செல்சியசு வரையான மண்வெப்பத்தில் நன்கு வளரும். வெப்பம் மிகும்போது, காபனீரொட்சைட்டைப் பற்றவேண்டிய நொதியம் ஒட்சிசனையும் பற்றிக்கொள்கின்றது. இதனால் ஒளித்தொகுப்பில் ஈட்டிய காபனின் ஒரு பகுதி ஒளிச்சுவாசத்தில் வீணாகின்றது. இரவும் வெம்மையாயின் செலவு வரவை விஞ்ச, சேமிப்புக் கரைந்து வேர் குறுகும். இந்நிலையிலும் அப்புல் நாள்தோறும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டப்படுகின்றது. உணவாக்கும் இலையையே இழக்கும் தாவரத்தை நீராலும் பங்கசுகொல்லியாலும் காப்பது பெருஞ்செலவான முயற்சியாகும்.

நாம் பிள்ளையாருக்குச் சூட்டும் அறுகு இவ்விடரைக் கடந்தது. 1966 இல் ஹச், சிலாக் என்போர் அவுஸ்திரேலியாவில் கரும்பைக் கொண்டு விளக்கிய நாற்காபன் வழியே அறுகின் வழியுமாகும். காபன் முதலில் நாற்காபன் சேர்வையாகப் பிடிக்கப்பட்டு, நரம்பைச் சூழ்ந்த கலங்களுட் செறிக்கப்படுவதால் ஒளிச்சுவாசம் பெரிதும் அடங்குகின்றது. 27 முதல் 35 பாகை வரையான வெப்பமே அதற்கு உகந்தது. எனினும் சாதாரண அறுகின் இலை பரும்படியானது. அத்தனை தாழ்வாக வெட்டப்படுவதைப் பொறாது.

ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், ரிவ்ற்றன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கிளென் பேற்றன் அறுகையும் ஆபிரிக்க இனமொன்றையும் கலந்து பெற்ற 'ரிவ்கிறீன்' 1956 இல் வெளியாயிற்று. (இந்தியாவின் முதற் கலப்பினக் கம்புக்கு உதவிய தாய்வழியையும் அவரே உருவாக்கினார் என்பதை இங்கு நினைவுகூரலாம்.) இக்கலப்பினம் 27 நிறமூர்த்தங்களையுடைய மலட்டு மும்மடியம், விதை தராது. ஓடுதண்டுத் துண்டுகளை நட்டே பெருக்கவேண்டும். ஒரே உடலின் துண்டுகளாயினும் இடையிடையே விகாரங்கள் தோன்றித் தரையைத் திட்டுத்திட்டாக்குவதுண்டு. பராமரிப்போர் வெறுக்கும் அவ்விகாரமொன்றே, 1965 இல் வெளியான 'ரிவ்டுவார்வ்' என்னும் மேலும் குறுகிய வகையாயிற்று! பின்னர் வந்த 'சம்பியன்', 'மினிவேர்ட்' முதலியன பென்ற் புல்லுக்கு நிகராகத் தாழ வெட்டத்தக்கன.

அவ்வாறிருந்தும் பென்ற் புல்லின் மதிப்புக் குன்றவில்லை. ஜோர்ஜியாவின் புகழ்பெற்ற ஓகஸ்ரா கழகம் 1981 அளவில் அறுகை நீக்கிப் பென்ற் புல்லுக்கு மாறியது. அக்கழகம் கோடையில் மூடப்பட்டிருப்பதையும், அதன் தரைக்கடியில் காற்றோட்டக் குழாய்கள் உள்ளதையும் அதனைப் பின்பற்ற விழைவோர் கருதுவதில்லை. ஆயின் அதே மாநிலத்து ஈஸ்ற் லேக் கழகம் 2008 இல் பென்ற் புல்லைக் கைவிட்டு 'மினிவேர்ட்' அறுகை நட்டது.

எனவே, தெரிவை நிர்ணயிப்பது நாட்டின் பெயரன்று, இரவு வெப்பமே. இரவிலும் புழுங்கும் கொழும்புக்குரிய விடை, சராசரி வெப்பம் 16 பாகையளவான நுவரெலியாவுக்குப் பொருந்தாது. பாய்ச்சும் நீர் உவராயின் கடலோரப் பஸ்பாலம் புல்லே ஏற்றது. அறுகு நிழலைப் பொறாது. மரங்களுக்கிடையே கிறீன் அமைப்போர் முதலில் வெயில் விழும் நேரத்தைக் கணித்தல் வேண்டும்.