குடலைக் கழுவும் நீர் எங்கிருந்து வருகிறது?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவுவது நம் வீடுகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மருத்துவமனையிலும், பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்க்குமுன் அதைக் கழுவுகிறார்கள். எல்லா முறைகளும் ஒன்றுதானா? கழுவும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வேறுபாடு விளங்கிவிடும்.

உணவு, குடிநீர், செரிமான நீர்கள் ஆகியவற்றின் வழியாக நாள்தோறும் ஏறக்குறைய 9 லிட்டர் திரவம் சிறுகுடலை அடைகிறது. இரு குடல்களும் அதை உறிஞ்சிக்கொள்வதால், மலத்துடன் வெளியேறும் நீர் 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. பேதி மருந்து இந்தக் கணக்கை மாற்றுகிறது.

விளக்கெண்ணெய் சிறுகுடலில் செரிக்கும்போது ரிசினோலிக் அமிலம் பிரிகிறது. அது குடல் தசைகளைத் தூண்டுகிறது. நீர் முழுதும் உறிஞ்சப்படுமுன்பே குடலில் உள்ளவை கீழே தள்ளப்படுகின்றன.

பேதி உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட் தசையை நம்பியிருப்பதில்லை. மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவினால் நீர் விடுகிறதல்லவா? அதே சவ்வூடு பரவல்தான் இங்கும் நிகழ்கிறது. எளிதில் உறிஞ்சப்படாத இந்த உப்பின் செறிந்த கரைசல், நம் உடலின் நீரையே குடலுக்குள் இழுக்கிறது. அதனால் உடல் வறண்டுபோகலாம்.

எனிமாவில் நீர் வெளியிலிருந்து, கீழ்வழியாக வருகிறது. நீர்க்கலத்தை அரை மீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய 5 கிலோபாஸ்கல் அழுத்தம் கிடைக்கும். உயரம் கூடினால் அழுத்தமும் கூடும். குடற்சுவர் காயப்படவும் கூடும். சாதாரண எனிமா பெருங்குடலின் கீழ்ப்பகுதியை மட்டுமே கழுவும்.

உடல் நீரையும் உப்புகளையும் இழக்காமல் முழுக் குடலையும் கழுவ முடியுமா? 1980-இல் அமெரிக்காவில் ஜான் ஃபோர்ட்ரான் குழுவினர் இதற்கு வழி கண்டனர். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பெரிய மூலக்கூறையும் அளவறிந்து சேர்த்த உப்புகளையும் நீரில் கரைத்தனர். இக்கரைசலில் நீர் உள்ளேயும் செல்லாது, உடலிலிருந்து வெளியேயும் வராது. குடித்த நீரே கழுவிக்கொண்டு வெளியேறும். உள்நோக்கிப் பரிசோதனைக்கு இம்முறை இன்றும் பயன்படுகிறது.

பரிசோதனைக்காகக் கழுவுவது வேறு. "நஞ்சை நீக்க" மாதந்தோறும் கழுவுவது வேறு. குடலின் உட்படலம் சில நாள்களுக்கொருமுறை தானே புதுப்பித்துக்கொள்கிறது. கழிவுப் பொருள்களை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இருக்கின்றன.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுத்தால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். காரணம் தெரியாத வயிற்று வலிக்கு வீட்டில் யாரேனும் விளக்கெண்ணெயை எடுத்தால், தடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.