விற்பதா, வைத்திருப்பதா? பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் கற்ற பாடம்

கூலியாகக் கிடைத்த நெல்லை அன்றே குத்திச் சமைப்பதா, அல்லது விலை ஏறும் நாளை எதிர்பார்த்துக் குதிரில் போட்டு வைப்பதா? நம் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த கேள்வி இது. கொள்ளை நோய் உலகை வாட்டிய நாள்களில், நம்மைப் போலவே செபமாலை ஏந்தும் ஒரு நாட்டின் எளிய குடும்பங்கள் இதே கேள்வியைக் கைப்பேசித் திரையின் முன் அமர்ந்து கேட்க நேர்ந்தது. அவர்கள் ஈட்டியது நெல் அன்று. கண்ணால் காணவோ கையால் தொடவோ இயலாத கிரிப்டோ நாணயம். அந்நாடு பிலிப்பைன்ஸ்.

ஊர் அடங்கிய நாள்கள்

2020 மார்ச்சுத் திங்களில் மணிலா மாநகர் உள்ளிட்ட லூசோன் தீவு முழுவதும் ஊரடங்கில் ஆழ்ந்தது. ஆலயக் கதவுகள் மூடின, வண்டிகள் நின்றன, கடைகள் அடைபட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் வேலையற்றோரின் தொகை எழுபது லட்சத்தையும் கடந்தது. கடல் கடந்து உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பி வந்த மக்களில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பினர். ஆண்டு முடிவில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 9.5 விழுக்காடு சுருங்கியது. போருக்குப் பிந்தைய காலத்தில் அந்நாடு கண்டிராத வீழ்ச்சி இது.

நெல் விளையும் நுவேவா எசிகா மாநிலத்தில் கபனத்துவான் என்றொரு நகரம் உண்டு. வேலை இழந்த அவ்வூர் இளைஞர் சிலர், 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' என்னும் கணினி விளையாட்டை ஆடினால் பணம் கிடைக்கிறது என்று கண்டுகொண்டனர். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, தெருத்தெருவாகச் செய்தி பரவிற்று. சிறு பெட்டிக்கடை நடத்திய முதிய தம்பதியர்கூட அவ்விளையாட்டை ஆடியதை 2021 இல் வெளியான ஆவணப்படம் ஒன்று உலகுக்குக் காட்டியது.

விளையாட்டே கூலியானது

வியட்நாம் நாட்டின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் 2018 இல் உருவாக்கிய விளையாட்டு அது. அந்நாள்களில் 'ஆக்ஸி' என்னும் கற்பனை விலங்குகள் மூன்றினை வாங்கிப் போரிடச் செய்யவேண்டியிருந்தது. வெற்றி பெற்றால் சுருக்கமாக எஸ்.எல்.பி. எனப்படும் மின்காசு கிடைக்கும். அதனைக் கிரிப்டோ சந்தையில் விற்றுப் பெசோவாக மாற்றிக் கொள்ளலாம். ஈட்டிய காசை அப்பொழுது நாள்தோறும் எடுக்க இயலவில்லை. 14 நாள்களுக்கு ஒருமுறைதான் எடுக்க முடிந்தது. ஆக, இரு வாரத்துக்கு ஒருமுறை அவ்வீடுகளில் 'சம்பள நாள்' வந்தது.

ஆனால் மூன்று விலங்குகளை வாங்கவே பணம் வேண்டும் அன்றோ? 2021 இல் அவற்றின் விலை பல நூறு டாலர்களாக உயர்ந்தது. சில வேளைகளில் ஆயிரத்தையும் தாண்டியது. வசதியுள்ளோர் விலங்குகளை வாங்கி, ஏழைகளுக்கு ஆடக் கொடுத்து, வருவாயில் பங்கு பெற்றனர். கொடுத்தவர் 'மேனேஜர்', ஆடியவர் 'ஸ்காலர்'. ஆடியவருக்குப் பாதியோ, அதைவிடச் சற்றுக் கூடுதலோ கிடைக்கும். பெயர்கள் புதியன, ஆனால் நிலம் ஒருவருடையது, வியர்வை மற்றவருடையது என்ற பழைய குத்தகை முறையையே இதில் காண்கிறோம்.

ஏறியதும் இறங்கியதும்

2021 ஜூலையில் ஒரு எஸ்.எல்.பி. காசின் விலை ஏறத்தாழ 40 அமெரிக்க சென்ட்டாக உயர்ந்தது. இரு வாரத்தில் 1000 காசு ஈட்டியவருக்கு அது 400 டாலர். வயலிலும் ஆலையிலும் ஒரு மாதம் பாடுபட்டாலும் கிடைக்காத தொகை! பலர் அப்பணத்தால் மருந்து வாங்கினர், வாடகை தீர்த்தனர், பிள்ளைகளின் இணையவழிக் கல்விக்குக் கைப்பேசி வாங்கினர். இவர்களை நாம் குறை கூறலாகாது. பசித்த பிள்ளைக்கு நேரிய வழியில் உணவு தேடிய பெற்றோர்கள் அவர்கள்.

ஆனால் வேறு சிலர் இவ்வாறு எண்ணினர்: "இன்று 40 சென்ட் விற்பது நாளை ஒரு டாலர் ஆகாதா? இப்பொழுதே விற்பவன் அறிவிலி அன்றோ?" அவ்வெண்ணத்துக்குக் காரணமும் இருந்தது. 2020 மார்ச்சில், நோயின் அச்சத்தால் உலகச் சந்தைகள் ஆட்டம் கண்டபொழுது, பிட்காயின் விலை ஓரிரு நாள்களில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்து 4000 டாலருக்கும் கீழே சென்றது. 2021 நவம்பரில் அதுவே 68,000 டாலரைக் கடந்தது. அஞ்சி விற்றவர் வருந்தினர், காத்திருந்தவர் கொண்டாடினர். அக்கதை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. எனவே சிலர் ஈட்டிய காசை விற்கவில்லை. இன்னும் சிலர் கடன் வாங்கி விலங்குகள் வாங்கினர்.

அதன்பின் நடந்தது என்ன? அவ்வாண்டின் இறுதிக்குள் எஸ்.எல்.பி. விலை சில சென்ட்டுகளாகக் குறைந்தது. 2022 இன் நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தது. 400 டாலர் பெற்ற அதே 1000 காசு இப்பொழுது 10 டாலர்கூடப் பெறவில்லை. அதே விரல்கள், அதே மணி நேரம், அதே உழைப்பு. கூலி மட்டும் காணாமற்போயிற்று!

துன்பம் தனித்து வருவதில்லை. 2022 மார்ச்சு 23 அன்று, அவ்விளையாட்டின் பணம் கடந்து செல்லும் 'ரோனின்' என்னும் மின்பாலத்தில் 60 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அப்பாலத்தைக் காக்க ஒன்பது சாவிகள் இருந்தன. அவற்றுள் ஐந்து போதும், கதவு திறக்கும். அவ்வைந்தும் கள்வர் கையில் சிக்கின. களவு நடந்ததே ஆறு நாள்களுக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. வடகொரியாவைச் சார்ந்த கூட்டமே கள்வர் என அமெரிக்கப் புலனாய்வுத் துறை அறிவித்தது. பயனாளிகளின் இழப்பை நிறுவனம் ஈடு செய்து ஜூன் இறுதியில் பாலத்தை மீண்டும் திறந்தது எனினும், அதுவரை பலர் தம் பணத்தை எடுக்க வழியின்றித் தவித்தனர்.

சரிவின் காரணம்

இவ்வீழ்ச்சிக்குத் தலைவிதி காரணம் அன்று. பிட்காயினை 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாக்க இயலாது. எஸ்.எல்.பி. காசுக்கோ அத்தகைய வரம்பு கிடையாது. ஆடுவோர் பெருகப் பெருகக் காசும் பெருகும். அது செலவாகும் முதன்மையான வழி, புதிய விலங்குகளை இனப்பெருக்கம் செய்வதே. புதிய விலங்கை வாங்கப் புதிய ஆட்டக்காரர் வரவேண்டும். வரவு தடைப்பட்டால் வாங்குவோர் இல்லை. காசு மட்டும் குவியும். பின்னே வருவோரின் பணமே முன்னே வந்தோரின் கூலி என்ற அமைப்பு எத்தனை நாள் நிற்கும்? இத்தகைய சீட்டு நிறுவனங்கள் நம் ஊர்களிலும் தோன்றி மறைந்ததை நாம் அறியோமா?

மன்னாவும் களஞ்சியமும்

விவிலியத்தில் இரு நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போம். பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு இறைவன் மன்னாவைப் பொழிந்தார். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்க்கச் சொன்னார். பேராசையால் மறுநாளுக்கு வைத்தவர்களின் மன்னா புழுத்து நாறியது. மறுபுறம், எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் தானியத்தைச் சேமித்து, ஏழு பஞ்ச ஆண்டுகளில் மக்களைக் காத்தார். அவ்வாறாயின் சேமிப்பது தவறா, சரியா?

இரண்டிலும் முரண்பாடு இல்லை. யோசேப்பு சேமித்தது உண்ணக்கூடிய தானியத்தை; நாளைய விலையை அன்று. களஞ்சியத்தில் உள்ள நெல், விலை ஏறினாலும் இறங்கினாலும் பசியாற்றும். பிறர் கூடுதல் விலை கொடுப்பர் என்ற நம்பிக்கையை மட்டும் பூட்டி வைத்தால், அந்நம்பிக்கை குலைந்த நாளில் பெட்டகம் வெறுமையாகிவிடும். சேமிப்பு வேறு, சூதாட்டம் வேறு.

மனித உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 இல் எழுதிய சுற்றுமடலில், முதலைவிட உழைப்பே மேலானது என்று வலியுறுத்தினார். கூலி என்பது ஒரு குடும்பத்தின் உயிர். அக்கூலியைச் சந்தையின் அலைகளில் மிதக்கவிட்டு அதன் போக்கைக் காத்திருப்பது, அடுப்பங்கரை நெருப்பைப் பந்தயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

நம் இல்லங்களுக்கு

நம் வீட்டுப் பிள்ளைகளும் கிரிப்டோ நாணயம் வாங்குகின்றனர். சிலர் பெற்றோருக்குத் தெரியாமலே வாங்குகின்றனர். அவர்களைச் சினந்து பேசுவதால் பயனில்லை. உடன் அமர்ந்து பேசுவோம்.

முதலாவதாக, குடும்பச் செலவுக்கு உரிய வருவாயைக் கிடைத்த அன்றே நாட்டு நாணயமாக மாற்றிவிடுதல் நலம். அரிசி, மருந்து, கல்விக் கட்டணம், கடன் ஆகியவை விலை ஏறும்வரை காத்திருப்பதில்லை. இரண்டாவதாக, முழுவதும் மறைந்தாலும் பிள்ளைகளின் தட்டில் ஒரு கவளமும் குறையாது என்ற அளவுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. மூன்றாவதாக, இதற்கெனக் கடன் வாங்குதலும், தாலிச் சங்கிலியை அடகு வைத்தலும் கூடவே கூடாது. நான்காவதாக, கணவன் அறிந்தது மனைவிக்கும் தெரிந்திருக்கவேண்டும். கடவுச்சொல் ஒருவர் நெஞ்சில் மட்டும் இருந்து, அவரை இறைவன் அழைத்துக்கொண்டால், அப்பணத்தை மீட்பார் யார்?

சட்டத்தையும் அறிந்திருப்போம். நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இவ்வகை ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் அச்சட்டம் இடம் தரவில்லை. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்கு அத்தகைய காப்பு இல்லை.

இறுதியாக ஒன்று. 2021 ஆம் ஆண்டு, பிலிப்பைன்ஸ் மண்ணில் கிறிஸ்தவம் வேரூன்றியதன் 500 ஆம் ஆண்டு. மின்காசின் விலை விண்ணை நோக்கி எழுந்த அதே ஆண்டின் ஏப்ரல் திங்களில், மணிலாவை அடுத்த கேசோன் நகரத் தெரு ஒன்றில் ஓர் இளம்பெண் மூங்கில் தள்ளுவண்டியில் அரிசியும் காய்கறியும் வைத்தார். இயன்றவர் கொண்டுவந்து வைக்கலாம். தேவையுள்ளவர் வேண்டிய அளவு எடுக்கலாம். யாரும் கணக்குக் கேட்கவில்லை. சில நாள்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான வண்டிகளும் மேசைகளும் தோன்றின. ஆலய முற்றங்களிலும் தோன்றின. உழவர் தம் விளைச்சலை மூட்டையாகக் கொண்டுவந்தனர். ஏழைகள் தமக்குப் போதுமானதை எடுத்துக்கொண்டு, பின்னே நிற்பவருக்கு வழிவிட்டனர்.

மின்காசு விலை இழந்தது. அத்தெருவோர மேசையில் வைத்த ஒரு படி அரிசியோ அன்றே ஒரு குடும்பத்தின் பசியாற்றியது. பூச்சியும் துருவும் அழிக்காத செல்வம் எது என்று ஆண்டவர் சொன்னதன் பொருளை, அம்மேசையின் முன் நின்ற ஏழைகள் நமக்குக் கற்பிக்கின்றனர். நம் பங்கிலும் அத்தகைய மேசை ஒன்று எந்நாளும் விரிந்திருக்க இறைவன் அருள்வாராக!